மிதிக்காமலே சூடேறிய பின்சக்கரப் பிரேக்: ஒரு நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் இளைஞர் ஒருவர், 2019ஆம் ஆண்டு வாங்கிய தமது 150 சிசி மோட்டார் சைக்கிளை என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, அதன் பின் பிரேக்கை அதற்கு முன்பே இரண்டு பட்டறைகளில் பழுதுபார்த்திருந்தார்கள். ஓரிடத்தில், சக்கரத்தோடு சுழலும் வட்டை (டிஸ்க்) இருபுறமும் உரசிப் பிடிக்கும் பேடுகளை மாற்றியிருந்தார்கள்; மற்றோரிடத்தில், பேடுகளைத் தாங்கி அழுத்தும் கேலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்து, பிஸ்டனுக்குப் புது சீல் போட்டிருந்தார்கள். இரண்டு வேலையுமே ஒழுங்காகச் செய்யப்பட்டவை என்பதைப் பின்னர் நானே பிரித்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆனால் குறை அப்படியே இருந்தது. நல்ல வேலை செய்தும் குறை தீராமல் போனதற்குக் காரணம், அந்த வேலை குறை இருந்த இடத்தில் நடக்கவில்லை என்பதுதான். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும், எந்த வரிசையில் சோதித்ததால் கண்டுபிடிக்க முடிந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். இதே குறையோடு வரும் வண்டிகளில் பேடும் கேலிப்பரும் வட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வந்தவர் சொன்னது இது: "பின் பிரேக்கை மிதிக்கவே இல்லீங்கண்ணா, வண்டி தானா இழுத்துப் புடிக்குதுங்க. கிணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள கருகுன வாசம் வந்துருது. ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் கழிச்சு எடுத்தா எதுவுமே நடக்காத மாதிரி ஓடுதுங்க."

மேலும் கேட்டபோது இன்னும் சில விவரங்கள் கிடைத்தன. லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, நான்கு மாதங்களாக 41க்கு இறங்கியிருந்தது. சூடு ஏற ஏறப் பின் பிரேக் பெடல் கல்லைப் போல இறுகி, கால் வைத்தவுடனே பிடித்துக்கொள்ளும். கடைசியாக, என்னிடம் வருவதற்கு மூன்று நாள் முன்பு, ஈச்சனாரி அருகே போக்குவரத்து நெரிசலில் சில நிமிடங்கள் நின்று புறப்பட்டபோது, அதுவரை இறுகியிருந்த அதே பெடல் மிதித்தவுடன் அடிவரை அமிழ்ந்துபோனது. முன் பிரேக் கைகொடுத்ததால் விபத்து நேரவில்லை. அடுத்த வாரம் மனைவியை அழைத்துக்கொண்டு வால்பாறை போவதாக இருந்தாராம். ஆழியாற்றிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்கும்போது பின்னிருக்கையில் ஆள் இருக்க, இந்தப் பிரேக்கோடு அவர் அந்த வளைவுகளில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இப்போதும் மனம் பதறுகிறது. வண்டியை அன்றே வாங்கி வைத்துக்கொண்டேன்.

வண்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் 220 மில்லிமீட்டர் வட்டு. அதன் மேல் ஒற்றை பிஸ்டன் கொண்ட, ஊசிகளில் நகரும் வகைக் கேலிப்பர். வலது ஃபுட்ரெஸ்டுக்குப் பின்னே, நிமிர்ந்த நிலையில், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர். அதற்குப் பக்கத்தில் பிரேக் ஆயில் டப்பா. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானதால் இதிலும் ஏபிஎஸ் உண்டு, ஆனால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். ஆகவே பின் பிரேக்கின் பாதை மிக எளியது: பெடல், அது தள்ளும் தண்டான புஷ் ராடு, மாஸ்டர் சிலிண்டர், ஆயிலைக் கொண்டுசெல்லும் குழாயான ஹோஸ், கேலிப்பர். ஐந்தே உறுப்புகள், குறை இவற்றுள் ஒன்றில்தான் இருக்க வேண்டும்.

சொன்ன கதையிலேயே இருந்த தடயம்

சூடானதும் பெடல் முதலில் இறுகியது, பிறகு அமிழ்ந்தது என்ற வரிசை மிக முக்கியமானது. பெடல் இறுகுவது, யாரும் மிதிக்காதபோதும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருப்பதைக் காட்டுகிறது. அமிழ்வது, அந்தச் சூட்டில் கேலிப்பருக்குள் இருந்த பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டதைக் காட்டுகிறது. ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். அதனால்தான் பெடல் இறங்கியும் பேடு நகரவில்லை. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலைக்கு அதே தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரி மட்டுமே. இந்த வண்டியின் ஆயில் வாங்கிய நாளிலிருந்து முழுமையாக மாற்றப்படாமல், கறுத்த தேநீர் நிறத்தில் இருந்தது. நெரிசலில் நின்றபோது பெடல் அமிழ்ந்ததற்கும் விளக்கம் உண்டு: ஓடும்போது வட்டின் மீது வீசும் காற்று நின்றவுடன் இல்லாமல் போகிறது, வட்டிலும் பேடிலும் தேங்கிய வெப்பம் கேலிப்பருக்குள் இறங்குகிறது. பிரேக் ஆயிலின் சூடு, வண்டி நின்ற சில நிமிடங்களில்தான் உச்சத்தைத் தொடும்.

ஆக, ஆயில் பழசாக இருந்தது ஆபத்தைப் பெரிதாக்கியதே தவிர, சூட்டைத் தோற்றுவிக்கவில்லை. ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் பெடல் அமிழ்வது சில காலம் தள்ளிப்போயிருக்கும். பிரேக் பிடித்துக்கொள்வது தொடர்ந்திருக்கும்.

அழுத்தம் ஏன் தங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, காலை எடுத்தவுடன் வட்டு பிரேக்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பேடுகளைப் பின்னுக்கு இழுக்க அதில் ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், பிஸ்டன் முன்னே நகரும்போது அதோடு சேர்ந்து சற்று முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் விலகியதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பின் அளவு ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான். அவ்வளவு சிறிய இடைவெளியை நம்பியே சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது. இது நடக்க வேண்டுமானால், பிஸ்டன் பின்னே வரும்போது தள்ளப்படும் ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பிச் செல்ல வழி இருக்க வேண்டும். அந்த வழிதான் மாஸ்டர் சிலிண்டருக்குள், அதன் பிஸ்டன் முனையிலுள்ள ரப்பர் கப் ஓய்வு நிலையில் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள ஊசிமுனை போன்ற ரிட்டர்ன் துளை. பெடலை மிதித்தவுடன் கப் அந்தத் துளையைக் கடந்து மூடிக்கொள்கிறது, அதன் பிறகே அழுத்தம் உண்டாகிறது. காலை எடுத்தால் கப் துளைக்குப் பின்னே போய்விட வேண்டும். போகாவிட்டால் கேலிப்பரிலிருந்து டப்பா வரை பாதை அடைபட்டுவிடும்.

அடைபட்ட பாதையில் சூடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேலிப்பருக்குள் 5 மில்லிலிட்டர் ஆயில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரேக் ஆயில் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் கொள்ளளவில் சுமார் பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு விரிகிறது. 60 டிகிரி சூடு ஏறினால் விரிவு 0.24 மில்லிலிட்டர். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர சென்டிமீட்டர். எனவே அந்த விரிவு பிஸ்டனை 0.3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே தள்ளப் போதுமானது. சீல் தரும் இடைவெளியை விழுங்கிவிட இது தாராளம். பேடு உரசும்; உரசினால் சூடு; சூட்டால் ஆயில் மேலும் விரியும்; மேலும் உரசும். ஒரு சிறு தொடக்கம் போதும், மீதியை வண்டி தானே செய்துகொள்ளும். ஆறியதும் ஆயில் சுருங்கிவிடுவதால் சக்கரம் விடுபட்டுவிடும். பட்டறைக்கு வந்து நிற்கும்போது குறையின் சுவடே இருக்காது.

ஆறிய வண்டியில் கிடைத்தவையும் கிடைக்காதவையும்

முதல் நாள், ஆறிய நிலையில் பார்க்க வேண்டியவற்றை எல்லாம் பார்த்தேன். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் இயல்பாகச் சுற்றியது. டயரின் ஓரத்தில் கயிறு கட்டி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்ததில், சங்கிலியின் இழுவையும் சேர்த்து 0.7 கிலோவில் சக்கரம் நகர்ந்தது. இந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன், பிறகு ஒப்பிட இது தேவைப்பட்டது. வட்டின் கோணலை டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். கையேடு அனுமதித்த அளவுக்குள் இருந்தது. வட்டில் நீலம் பாய்ந்திருந்தது உண்மை. ஆனால் அந்த நிறம் ஒருமுறை ஏறினால் போகாது. என்றோ மிகச் சூடாகியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். சக்கர பேரிங்கில் ஆட்டம் இல்லை. கேலிப்பர் நகரும் இரண்டு ஊசிகளில் ஒன்று சற்று உலர்ந்திருந்தது. உள்பக்கப் பேடு வெளிப்பக்கப் பேடைவிடச் சிறிது அதிகம் தேய்ந்திருந்தது. இதுவே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் உலர்ந்த ஊசி, சூடேறும் முன்பும் ஆறிய பின்பும் ஒரே மாதிரிதான் இழுக்கும், பெடலை இறுக்காது. கேட்ட கதைக்கு இது பொருந்தவில்லை.

ஆயில் டப்பாவின் மூடிக்குக் கீழே இருக்கும் ரப்பர் தடுப்பையும் எடுத்துப் பார்த்தேன். பிரேக் ஆயில் என்ற பெயரில் 'ஆயில்' இருப்பதால், குறைந்திருந்த டப்பாவில் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடும் வழக்கம் இன்றும் சில இடங்களில் இருக்கிறது. கனிம எண்ணெய் பட்டால் இந்த ரப்பர்கள் ஊதிப் பெருத்துவிடும். கப்பும் பெருத்து ரிட்டர்ன் துளையை மூடிவிடும். அறிகுறிகள் அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும். இந்த வண்டியில் ரப்பர் தடுப்பு தன் அளவில் சரியாகப் பொருந்தியது. அந்தச் சந்தேகம் நீங்கியது.

வண்டிக்காரர் தம்மை அறியாமல் பெடல் மீது கால் வைத்து ஓட்டுகிறாரா என்பதையும் விட்டுவிடவில்லை. பின் பிரேக் சூடாகும் வண்டிகளில் இது உண்மையிலேயே ஒரு பெரிய காரணம். அன்று மாலை அவரை ஓட்டச் சொல்லி, நான் வேறு வண்டியில் பின்தொடர்ந்தேன். பிரேக் விளக்கு தேவையின்றி ஒருமுறைகூட எரியவில்லை. காலணியின் அடி ஃபுட்ரெஸ்டில்தான் இருந்தது.

இந்த முதல் நாள் சோதனையில் ஒரு தடயம் என் கைக்குக் கீழேயே இருந்தது, நான் அதற்கு உரிய எடை கொடுக்கவில்லை. பெடலின் நுனியை விரலால் அழுத்தியபோது, வெறும் தளர்வாக நகரும் தூரம் துளியும் இல்லை. தொட்டவுடன் எதிர்ப்பு இருந்தது. முன்பு பார்த்த பட்டறையில் இதைப் பாராட்டி, "பிரேக் நல்லா ஷார்ப்பா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்காரருக்கும் அது பிடித்திருந்தது. தொட்டவுடன் பிடிக்கும் பிரேக் நல்ல பிரேக் என்ற எண்ணம் நம் எல்லோர் மனத்திலும் ஊறிப்போயிருக்கிறது.

சூட்டோடு சோதிக்கும் வரிசை

ஆறிய வண்டி பேசாது என்பது உறுதியானதும், குறையை வரவழைத்து, அது இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை, வெளியே 31 டிகிரி இருக்கும்போது, பின் பிரேக்கை ஒருமுறைகூடத் தொடாமல், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்படாமல் 19 கிலோமீட்டர் ஓட்டிப் பட்டறைக்குத் திரும்பினேன். நிறுத்துவதற்கு முன் பிரேக்கை மட்டும் பயன்படுத்தினேன். இன்ஃப்ராரெட் வெப்பமானி, முன் கேலிப்பரில் 43 டிகிரியும் பின் கேலிப்பரில் 124 டிகிரியும் காட்டியது. இந்தக் கருவியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பளபளப்பான வட்டின் மீது காட்டினால் அது உண்மையைவிட மிகக் குறைவாகவே காட்டும், ஏனெனில் பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளிவிடுகிறது. கறுப்பு வண்ணம் பூசிய கேலிப்பரின் உடல் மீது, முன்னும் பின்னும் ஒரே தூரத்திலிருந்து காட்டி ஒப்பிடுவதே நம்பத்தக்கது.

உடனே ஸ்டாண்டில் ஏற்றித் தராசால் இழுத்தேன். முதல் நாள் 0.7 கிலோவில் நகர்ந்த சக்கரம், இப்போது 5 கிலோவில்தான் நகர்ந்தது. கூடுதலாக வந்த இழுவையை மட்டும் எடுத்துக்கொண்டு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கிட்டால், பின் பிரேக் ஏறக்குறைய 700 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. ஒரு இஸ்திரிப் பெட்டியைச் சக்கரத்தில் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். மைலேஜ் எங்கே போனது என்பதற்கும் இதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் பெரும்பாலும் செய்யப்படுவது, கேலிப்பரில், ஆயிலை வெளியேற்றுவதற்காக உள்ள சிறு திருகான ப்ளீடர் நிப்பிளைத் திறப்பது. திறந்து, ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் தங்கியிருந்தது தெரியும். விடுபடாவிட்டால் கேலிப்பரே இறுகியிருப்பது தெரியும். பயனுள்ள சோதனைதான். ஆனால் அதை முதலில் செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. நிப்பிள் பாதையின் கடைசிப் புள்ளி. அதைத் திறந்தவுடன் மேலிருந்து கீழ்வரை எல்லா அழுத்தமும் ஒரே நொடியில் போய்விடும். அழுத்தத்தைப் பூட்டி வைத்தது புஷ் ராடா, ரிட்டர்ன் துளையா, ஹோஸா என்று கேட்க அதற்குப் பிறகு சாட்சியே இருக்காது. மறுபடி 19 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினால், ஒரே சூட்டில் நான்கு கேள்விகளையும் கேட்டுவிடலாம்.

முதல் படியாக, மாஸ்டர் சிலிண்டரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் மூன்று சுற்றுத் தளர்த்துவது. ஆயில் பாதை எதையும் திறக்காமல், மாஸ்டர் சிலிண்டரின் உடலைப் புஷ் ராடிலிருந்து சற்றே விலக்குகிறோம், அவ்வளவுதான். இதில் சக்கரம் விடுபட்டால், வெளியிலிருந்து புஷ் ராடுதான் உள்ளே பிஸ்டனைத் தள்ளி வைத்திருந்தது என்று பொருள். விடுபடாவிட்டால், ஹோஸை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டை, துணியால் சுற்றிக்கொண்டு, மெல்லத் தளர்த்த வேண்டும். அப்போது விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே பிஸ்டன் சிக்கியிருக்கிறது அல்லது ரிட்டர்ன் துளை அழுக்கால் அடைபட்டிருக்கிறது. அப்போதும் விடுபடாவிட்டால் மட்டுமே நிப்பிள்: அதில் விடுபட்டால் ஹோஸின் உட்சுவர் பிய்ந்து, போகும் ஆயிலை விட்டுத் திரும்பும் ஆயிலைத் தடுக்கிறது. நிப்பிளைத் திறந்தும் இறுகியே இருந்தால், கேலிப்பரின் பிஸ்டனோ ஊசியோ சிக்கியிருக்கிறது. அழுத்தத்தில் உள்ள சூடான ஆயில் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. கண்ணாடி அணியாமல் இரண்டாம் படிக்குப் போகக்கூடாது. வண்டியின் வண்ணத்தில் பட்டாலும் அது உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எங்களுக்கு முதல் படிக்கு மேல் போகத் தேவைப்படவில்லை. இரண்டாவது போல்ட்டு இரண்டு சுற்றுத் தளரும்போதே மாஸ்டர் சிலிண்டர் தானாக மேலே எழும்பியது. ஒளி ஊடுருவும் டப்பாவில் ஆயில் மட்டம் கண்ணெதிரே உயர்ந்தது. ஒரு கையால் தள்ளினேன், சக்கரம் சுற்றியது. கேலிப்பர் அப்போதும் நூறு டிகிரிக்கு மேல்தான் இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த வண்டிக்காரர், "இவ்வளவுதானாங்கண்ணா?" என்றார். இவ்வளவுதான்.

புஷ் ராடு எப்படி நீண்டது

காரணத்தின் காரணத்தைத் தேடியபோது அவருக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஐந்து மாதங்களுக்கு முன் மணல் பரவிய திருப்பத்தில் வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து, பிரேக் பெடல் வளைந்துபோயிருக்கிறது. அதை நிமிர்த்திக் கொடுத்தவர்கள், பெடல் முன்பைவிடத் தாழ்வாக இருப்பதாக அவர் சொன்னதும், புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி ராடை நீட்டி, பெடலை உயர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் பெடல் மேலே எழும்பும் எல்லையைச் சட்டத்தில் உள்ள ஒரு நிறுத்தம் தீர்மானிக்கிறது. அந்த எல்லையைத் தொடும்வரை ராடை நீட்டினால் பெடல் உயரும். அதற்கு மேலும் நீட்டினால் பெடலுக்குப் போக இடமில்லை, ராடின் மறுமுனை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளினாலே கப் ரிட்டர்ன் துளையின் மீது ஏறிவிடும்.

இதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பட்டறைகளில் பெரும்பாலோர் டிரம் பிரேக்கில் கை பழகியவர்கள். டிரம் பிரேக்கில் லைனர் தேயத் தேயப் பெடல் இறங்கும். ராடின் கடைசியிலுள்ள நட்டை முறுக்கி 'பிரேக் டைட்' செய்வதுதான் அதற்குரிய முறையான வேலை. வட்டு பிரேக்கில் பேடு தேய்வதைப் பிஸ்டன் தானே முன்னேறிச் சரிசெய்துகொள்கிறது. முறுக்கி ஈடுகட்ட அங்கே எதுவும் இல்லை. பார்வைக்கு இரண்டிலும் ஒரு ராடும் ஒரு நட்டும் இருக்கின்றன, அவற்றின் வேலை மட்டும் முற்றிலும் வேறு.

இரண்டு பட்டறைகளின் கண்ணிலும் இது ஏன் படவில்லை என்பதற்கும் விளக்கம் கிடைத்தது. புதுப் பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். ரிட்டர்ன் துளை மூடியிருந்தால் ஆயில் மேலே போகாது, பிஸ்டன் அசையாது. அந்த எதிர்ப்பே குறையைக் காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் அவர்கள் நிப்பிளைத் திறந்து, ஆயிலை வெளியே விட்டுத் தள்ளியிருக்கிறார்கள். பழைய ஆயிலை மேலே ஏற்றாமல் வெளியேற்றுவது நல்ல பழக்கமே. அந்த நல்ல பழக்கம் இந்த வண்டியில் ஒரு தடயத்தை மறைத்துவிட்டது.

நிரூபணமும் பழுது நீக்கமும்

போல்ட்டுகளைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டது வலுவான சான்றுதான் என்றாலும், நான் அதோடு நிற்கவில்லை. வேறு எதையும் தொடாமல், புஷ் ராடை மட்டும் ஒன்றரைச் சுற்றுக் குறைத்து லாக் நட்டை இறுக்கினேன். பெடலின் நுனியில் 3 மில்லிமீட்டர் தளர்வு வந்தது. அதே பழைய ஆயில், அதே உலர்ந்த ஊசி, அதே பேடுகளோடு, மாலையில் அதே 19 கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினேன். முன் கேலிப்பர் 42 டிகிரி, பின் கேலிப்பர் 46 டிகிரி. தராசு 0.8 கிலோ காட்டியது. ஒரே நேரத்தில் ஐந்து வேலை செய்திருந்தால் வண்டி சரியாகியிருக்கும், ஆனால் எந்த வேலையால் சரியானது என்று எவருக்கும் தெரிந்திருக்காது. குறை திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் செய்து பார்த்தேன். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் ஆயிலின் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டே பெடலை விரலால் மிக மெல்ல அழுத்தினால், அழுத்தத்தின் தொடக்கத்திலேயே மேற்பரப்பில் சிறு அலை எழும். கப் ரிட்டர்ன் துளையைக் கடந்து மூடுவதற்கு முன், கொஞ்சம் ஆயில் அந்தத் துளை வழியே திரும்பிப் பாய்வதால் உண்டாகும் அலை அது. சரிசெய்த நிலையில் அலை தெளிவாகத் தெரிந்தது. பிறகு வேண்டுமென்றே ராடைப் பழைய அளவுக்கு நீட்டிப் பார்த்தேன்: எவ்வளவு மெல்ல அழுத்தினாலும் அலை இல்லை. மீண்டும் குறைத்தேன்: அலை வந்தது. ஆறிய வண்டியில், ஒரு துளி ஆயிலும் சிந்தாமல், ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. முதல் நாளே நான் இதைச் செய்திருக்க வேண்டும். அன்றிலிருந்து, பின் பிரேக் சூடாகிறது என்று எந்த வண்டி வந்தாலும் முதலில் டப்பாவின் மூடியைத்தான் திறக்கிறேன். அலை எழுந்தால் ரிட்டர்ன் துளை திறந்திருக்கிறது, கீழே ஹோஸையும் கேலிப்பரையும் பார்க்க வேண்டும். எழாவிட்டால் கேலிப்பரில் கை வைக்கவே தேவையில்லை.

அதன் பிறகு மற்ற வேலைகளை முடித்தோம். பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, புதிதாகப் பிரித்த டாட் 4 ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினோம். இரண்டு ஊசிகளையும் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் தடவினோம். பெடலின் மூட்டைக் கழற்றியபோது உள்ளே சேறு காய்ந்திருந்தது. அதுவும் பெடல் முழுதாகத் திரும்புவதைத் தடுக்கக்கூடிய ஒன்று என்பதால் சுத்தம் செய்தோம். பேடுகளின் மேற்பரப்பு சூட்டில் கண்ணாடி போல் மின்னியதாலும், ஒன்று அதிகம் தேய்ந்திருந்ததாலும் இரண்டையும் மாற்றினோம். வட்டை மாற்றவில்லை, நீல நிறம் இருந்தாலும் தடிமனும் நேர்த்தியும் சரியாக இருந்தன. ராடைக் குறைத்ததால் பின் பிரேக் விளக்கின் ஸ்விட்சையும் மறுபடி அமைக்க வேண்டியிருந்தது. பெடல் தாழ்வாக இருக்கிறது என்ற அவருடைய பழைய குறைக்கு, பெடலைக் கழற்றிச் சரியான வடிவத்துக்கு நிமிர்த்தித் தீர்வு கண்டோம். தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியது அதுதான்.

வண்டியை எடுத்துப் போன நான்காம் நாள் அவர் திரும்பி வந்தார். சூடு இல்லை, வாசம் இல்லை, ஆனால் பெடல் முதலில் கொஞ்சம் லூசாக இருப்பது போல் இருக்கிறது, ஒரு சுற்று டைட் செய்து தர முடியுமா என்று கேட்டார். டப்பாவின் மூடியைத் திறந்து, டார்ச்சை அவர் கையில் கொடுத்து, பெடலை மெல்ல அழுத்திக் காட்டினேன். அலை எழுந்தது. ராடை நீட்டிக் காட்டினேன்; அலை நின்றது. "அந்த லூசு இருக்கட்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து, வால்பாறை போய்வந்த பிறகு, சர்வீசுக்கு வந்தபோது பார்த்தேன்: பேடுகள் இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன, பெடலில் அதே 3 மில்லிமீட்டர் தளர்வு இருந்தது, மைலேஜ் 47க்குத் திரும்பியிருந்தது.